கிடங்குத் தெருவில் ஆள் இல்லை

அக்கா: பத்தொன்பது மணி நேரம்டா. நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு அடிச்சா முடிஞ்சுது. நீ என்னடான்னா வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கற.

தம்பி: வந்ததும் வராததுமா மணி சொல்றியே, நீ என்ன ரேடியோவா? உள்ள வாக்கா மொதல்ல.

அக்கா: உன் பொண்டாட்டி எங்க?

தம்பி: தையல் மெஷின் சத்தம் காதுல விழலையா? காலைலேருந்து சாக்கு தைக்கறா.

அக்கா: ஏம்மா, எப்படி இருக்க?

மனைவி: வாங்க அண்ணி. இருக்கேன்... இந்த ஒரு கட்டை முடிச்சுட்டு எழுந்திருக்கறேன்.

அக்கா: நீ தை, நான் இவன்கூடப் பேசத்தான் வந்தேன். டேய், உங்க தெருவுக்குப் பின்னாடி போற கேஸ் குழாயைப் பெரிசாக்கறாங்கன்னு சொன்னேன்ல?

தம்பி: அதான் உங்க ஆபீஸ்லயே அனுமதி குடுத்தாச்சே. தெருமுனையில போர்டுகூட வச்சுட்டாங்க.

அக்கா: குடுத்தாச்சுதான். ஆனா ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் உண்டு. நாளைக்குக் கடைசி. அப்புறம் கடவுளே வந்து மனு குடுத்தாலும் வாங்க மாட்டாங்க.

தம்பி: கடவுள்கிட்ட மொதல்ல முகவரிச் சான்று கேப்பாங்க.

அக்கா: சிரிக்காதே. போன வாரம்தான் ஃபைல் என் மேசைக்கு வந்துச்சு. உங்க தெருவைப் பத்தி என்ன எழுதியிருக்கு தெரியுமா? பதினேழு கிடங்கு. குடியிருப்பு எதுவும் இல்லை. ஆள் இல்லை.

தம்பி: ...கிடங்குதானே.

அக்கா: என்ன சொன்ன?

தம்பி: ஒரு காலத்துல கிடங்குதானேன்னேன். தெருப்பேரே அதானே.

அக்கா: அப்ப நான் இப்ப உக்காந்திருக்கறது வீடு இல்ல, மூட்டை மேலயா?

தம்பி: மூட்டை மேலதான் உக்காந்திருக்க. எழுந்துக்கோ, நாளைக்கு எண்ணிக் குடுக்கற சாக்கு அது.

அக்கா: விளையாட்டா இருக்கா உனக்கு? குழாய் இங்கேருந்து அறுபதடி. ஆள் இல்லாத இடம்னா மெல்லிசுக் குழாய் போதும். பழைய குழாய்லயும் அழுத்தத்தை ஏத்திக்கலாம். ஆள் இருந்தா அப்படி முடியாது. ரெட்டைத் தடிமன் போடணும், பக்கத்துலயே மூடற வால்வு வைக்கணும், இல்ல பாதையை மாத்தணும். செலவு எக்கச்சக்கம். அதான், அளக்க வந்தவன் வண்டியை விட்டு இறங்காமலே எழுதிக் குடுத்திருக்கான்.

தம்பி: இறங்கினாங்க.

அக்கா: உனக்கெப்படித் தெரியும்?

தம்பி: ...இறங்காம எப்படி அளக்கறது? அதைச் சொன்னேன்.

மனைவி: நாலு பேர் வந்தாங்க, அண்ணி.

தம்பி: நீ தை. ராத்திரிக்குள்ள முடியணும்.

அக்கா: அவளை ஏண்டா விரட்டற?

தம்பி: விரட்டலக்கா. சரி, கசிஞ்சா என்ன? வாசனை வரும்ல. குழந்தைகுட்டியைத் தூக்கிட்டு ஓடிடுவோம்.

அக்கா: எந்த வாசனை?

தம்பி: அடுப்புல திறந்து விட்டா வருமே, அழுகின முட்டை மாதிரி...

அக்கா: அது வீட்டு கேஸ்ல கடைசியா கலக்கறது. உங்க பின்னாடி போற குழாய்ல அது இன்னும் கலக்கலடா. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நீங்க தூங்கிட்டே இருப்பீங்க. ஒரு சுவிட்சைப் போட்டா போதும். தெருவுல எல்லாரும் வேலை முடிஞ்சு வந்திருப்பாங்கல்ல? வா. வீடு வீடா கையெழுத்து வாங்கிடலாம். நாங்க இங்க குடியிருக்கோம், அளக்க வந்தவன் பொய் எழுதிட்டான்னு.

தம்பி: யாரும் போட மாட்டாங்க.

அக்கா: ஏன்?

தம்பி: மாட்டாங்கன்னா மாட்டாங்க. விடேன்.

அக்கா: உயிர் போற விஷயம்டா!

தம்பி: அவன் பொய் எழுதல, போதுமா? நாங்க சொன்னதைத்தான் எழுதினான்.

அக்கா: ...என்ன சொன்னீங்க?

தம்பி: எல்லாம் கிடங்கு, பூட்டியே கிடக்குதுன்னு. பதினேழு வீட்டுக்கும் சேர்த்து நான்தான் எழுதிக் குடுத்தேன்.

அக்கா: பைத்தியமாடா நீ?

தம்பி: நீதானே போன வருஷம் போன் பண்ண?

அக்கா: நான் என்ன சொன்னேன்?

தம்பி: அடுத்த செவ்வாய்க்கிழமை அளக்க வர்றாங்க, குழாய் ஓரமா அனுமதி இல்லாத வீடு இருந்தா குறிச்சுக்குவாங்க, ஜாக்கிரதைன்னு. குறிச்சா என்ன ஆகும்? அந்தப் பக்கத்துத் தெருவை ஒரே காலையில இடிச்சு வழிச்சுப் போட்டது உனக்குத் தெரியாதா? எங்க யார்கிட்டக்கா பத்திரம் இருக்கு?

அக்கா: நான்... நான் ஜாக்கிரதைன்னுதான் சொன்னேன். ஒளிஞ்சுக்கோங்கன்னு சொல்லல.

தம்பி: எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மொத நாள் ராத்திரியே துணி காயப்போடற கயித்தை எல்லாம் அவுத்தோம். கோலிக்குண்டுகூட விடாம பொறுக்கினோம். காலைல ரெண்டு லாரி வச்சு எல்லாரும் ஏரிக்கரைக்குப் போயிட்டாங்க. பதினேழு கதவுலயும் பூட்டு. நான் மட்டும் காவக்காரன் மாதிரி நின்னேன். நல்லா நடிச்சேன்க்கா. கம்புகூட வச்சிருந்தேன்.

அக்கா: பெருமையா சொல்ற.

தம்பி: ...பெருமைப்பட வேற என்ன இருக்கு என்கிட்ட?

அக்கா: சரி. பயத்துல அப்படி எழுதிக் குடுத்தோம்னு இப்ப சொல்லுங்க. நான் எழுதித் தர்றேன்.

தம்பி: சொன்னா, குழாயை நிறுத்துவாங்க. சரி. அப்புறம் எங்களை? சொல்லு. உன் ஆபீஸ்தானே.

அக்கா: தெரியல. இடிக்கலாம். ஆனா இடிக்கும்போது உயிரோட வெளிய வருவீங்கடா.

தம்பி: வந்து?

அக்கா: என் வீட்டுக்கு வாங்க.

தம்பி: பதினேழு குடும்பமும்? உன் ரெண்டு ரூம்லயா?

மனைவி: அண்ணி, அந்த மனுவுக்கு...

தம்பி: தண்ணி கொண்டு வாயேன் அக்காவுக்கு. எவ்வளவு நேரமா பேசிட்டிருக்கா.

அக்கா: எனக்குத் தண்ணி வேண்டாம். அவ என்னமோ சொல்ல வர்றா.

மனைவி: ஒண்ணுமில்ல அண்ணி. வெறும் கையெழுத்து போதுமான்னு கேக்க வந்தேன்.

அக்கா: போதாது. அதுதான் சிக்கல். அளந்த அன்னிக்கு இருந்தவங்கதான் கணக்கு. அப்புறம் குடிவந்தவங்களைச் சேக்க மாட்டாங்க. கம்பெனி வக்கீல் இதைத்தான் பிடிச்சுக்குவான். அனுமதி வரப்போகுதுன்னு தெரிஞ்சு நேத்து வந்து குந்திக்கிட்டாங்கன்னு சொல்லுவான். உங்க கரண்ட் பில்லும் கிடங்குன்னுதான் வருது.

மனைவி: அப்ப என்ன வேணும்?

அக்கா: அந்த செவ்வாய்க்கிழமை இந்தத் தெருவுல, ஒரு வீட்டுக்குள்ள இருந்த ஒரே ஒரு ஆள். நான் உள்ள இருந்தேன், வந்தவங்க கதவைத் திறந்து பாக்கலன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தா விசாரணையைத் திறந்தே ஆகணும். அது வரைக்கும் குழாயைத் தொட முடியாது.

தம்பி: யாரும் இல்ல. எல்லாரும் ஏரிக்கரையில. சொன்னேன்ல?

அக்கா: காய்ச்சல்காரங்க, வயசானவங்க... யாராவது தங்கியிருப்பாங்க. யோசி.

தம்பி: லாரியில தூக்கித்தான் ஏத்தினோம். யாரும் இல்லன்னா இல்ல.

அக்கா: செவ்வாய்க்கிழமை... டேய், அது அந்த செவ்வாய்க்கிழமையா? நீ எனக்கு ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணின...

தம்பி: அதை எதுக்கு இப்ப இழுக்கற?

அக்கா: இல்ல, நாள் ஒத்து வருதேன்னு...

தம்பி: அவளும் ஏரிக்கரையிலதான் இருந்தா. அங்கதான் சாயங்காலம் வலி எடுத்துச்சு. எட்டு மாசம்தானே. லாரி குலுக்கினதுல... வயித்துலயே போயிடுச்சு. அன்னிக்கே சொன்னேன் உன்கிட்ட. மறுபடி சொல்லணுமா?

அக்கா: வேண்டாம்டா. வேண்டாம். மன்னிச்சுக்கோம்மா, தெரியாம வாயை விட்டுட்டேன்.

தம்பி: ஏய்... மெஷினை ஏன் நிறுத்திட்ட?

மனைவி: நூல் தீந்துடுச்சு.

தம்பி: அலமாரியில புதுசு இருக்கு.

மனைவி: இருக்கட்டும். அண்ணி, அந்த மனுவுல எத்தனை பேர் இருந்தாங்கன்னு எழுதணுமா?

அக்கா: எழுதணும். ஏம்மா?

தம்பி: பேசாம இரு.

மனைவி: ஒரு வருஷமா பேசாமத்தானே இருக்கேன்.

தம்பி: உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்...

மனைவி: நான் லாரியில ஏறல, அண்ணி. விடியும்போதே வலி. காலைத் தூக்க முடியல. ஆஸ்பத்திரி வண்டி வந்தா தெருவுல ஆள் இருக்குன்னு தெரிஞ்சுடும். தலைப்பிரசவம், ஒரு நாள் ஆகும், அவங்க போனதும் போயிடலாம்னு உங்க தம்பி சொன்னாரு. நானும் சரின்னேன்.

அக்கா: நீ... இங்கயா?

மனைவி: இதே ரூம். அந்தப் பக்கம் வெயில், அதனால அளக்க வந்தவங்க நம்ம கதவு நிழல்ல உக்காந்து சாப்பிட்டாங்க. டப்பா திறக்கற சத்தம்கூடக் கேட்டுச்சு.

அக்கா: கதவைத் தட்டியிருக்கலாமேம்மா...

மனைவி: பூட்டு வெளியில. சாவி இவர் இடுப்புல. தட்டினா பதினேழு வீடு போயிடும். சாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

தம்பி: அக்கா, நான் நினைக்கல... ரெண்டு மணி நேரத்துல போயிடுவாங்கன்னு...

அக்கா: நீ வாயை மூடு. அப்போ குழந்தை வயித்துல...

மனைவி: வயித்துல போகல, அண்ணி. பொறந்தா. அழுதா. பெரிசா இல்ல, சின்னதா. வெளிய ஒருத்தர், உள்ள என்ன சத்தம்னு கேட்டாரு.

அக்கா: கேட்டாங்களா? கேட்டுட்டுமா...

மனைவி: பூனைன்னு இவர் சொன்னாரு.

அக்கா: பூனையா?

மனைவி: பூட்டைத் திறக்க நாலரை ஆயிடுச்சு. மனுவை எடுங்க, அண்ணி. எத்தனை பேர்னு கேட்டா சரியா எழுதுங்க. ரெண்டு பேர் இருந்தோம்.