உங்கள் வேண்டுதல், எங்கள் தலை

— இதே மொட்டையவே இன்னொரு வாட்டி காட்டிடலாம் சக்தி. பணம் அனுப்பின அந்தம்மாவுக்கு இன்னா தெரியப் போவுது?

— கிங்ஸ்லி, இது நாலு நாளைக்கு முன்னாடி ஷார்ஜாக்காரருக்காக அடிச்ச மொட்டை. அவரு புள்ள பொறந்ததுக்கு வேண்டிக்கினது, லீவு கெடைக்கலன்னு நம்ம பேஜ்ல பணம் கட்டினாரு. ஒரே தலைய ரெண்டு பேருக்குக் காட்டறதுக்கு இது இன்னா வாடகைப் பாத்திரமா?

— மேல சந்தனத்தப் பூசிட்டா கேமராவுல புதுசாத்தான் தெரியும். சிம்பிள் மேட்டர்.

— அந்தம்மாவுக்குத் தெரியாது. மலை மேல இருக்கறவருக்குத் தெரியும். இந்தத் திருத்தணி மலையப் பாத்துக்கினே வளந்தவன் நான். முருகன்கிட்ட ஏமாத்து வேலை மட்டும் என்னால ஆவாது.

— சரி, அங்க வரிசைல நிக்கறாரே, பச்சை சட்டை. எப்படியும் மொட்டை அடிக்கத்தான் வந்திருக்காரு. அவர ஒரு வீடியோ எடுத்து அனுப்பிடுவோம்.

— அது அவரு வேண்டுதல். அத நாம இன்னொருத்தருக்கு விக்கறதா?

— மீசை இருக்குதே உனக்கு?

— மீசையா?

— மினி பேக்கேஜ்னு சொல்லிக்கலாம்.

— ஐயே. முழுத் தலைக்குப் பணம் கட்டினவங்களுக்கு மீசைய அனுப்பற மூஞ்சியப் பாரு.

— உனக்கு பிசினஸ் மைண்டே இல்ல சக்தி. யோசிச்சுப் பாரு. பேஜ் ஆரம்பிச்சு இருபது நாள். ரெண்டு ஆர்டர். கையிலேர்ந்து ஒரு பைசா போடல. கோயில்ல மொட்டைக்குக் காசு கெடையாது, படியேறக் காசு கெடையாது, போன் என்னுது, தலை உன்னுது. இன்வெஸ்ட்மெண்டே இல்லாத பிசினஸ் வேற எங்க இருக்குது காட்டு.

— தலை என்னுது, அதான் வம்பே. ஸ்டாக்கு ஒண்ணுதான் இருந்துச்சு, தீந்து போச்சு. மறுபடி வளர மூணு மாசம் ஆவும். அந்தம்மா இன்னைக்குக் கிருத்திகைக்கே முடி எறக்கணும்னு முழுப் பணத்தையும் அனுப்பிட்டாங்க. வேற தலைக்கு ஆளு புடிக்கறேன்னு போனியே, இன்னா ஆச்சு?

— கே.ஜி.கண்டிகை டீக்கடைல மூணு பேரக் கேட்டேன். ஒருத்தன் தொப்பியக் கழட்டினான், உள்ள வழுக்கை. ஒருத்தன் பொண்டாட்டி மாசமா இருக்குதாம், முடியில கத்தி வெக்கக் கூடாதாம். மூணாவது ஆளு முடியத் தரேன், கம்பெனில பாதிப் பங்கு குடுங்கறான்.

— பேஜுக்கு "உங்கள் வேண்டுதல், எங்கள் தலை"னு பேரு வெச்சது யாரு?

— நான்தான்.

— எங்கள்னா எத்தினி பேரு?

— அது ஒரு ஸ்டைலுக்கு எழுதறது.

— இப்ப இந்தக் கொளத்தாண்ட உக்காந்துகினு இருக்கற கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு. அதுல முடி இருக்கற தலை எது?

— அந்தப் பேச்சே வேணாம் சக்தி. வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு நிச்சயம். மணவூர்லேர்ந்து பிரிஸில்லா வூட்டுக்காரங்க பூரா சர்ச்சுக்கு வராங்க. போட்டோகிராபருக்கு சொல்லியாச்சு. அவ இந்த முடியப் பாத்துதான் சரின்னு சொன்னா.

— இன்னா வேலை பாக்கறேன்னு அவங்க கேக்கலியா?

— சொந்தமா ஆன்லைன் பிசினஸ்னு அப்பா சொல்லிட்டாரு.

— இன்னா பிசினஸ்னு கேட்டுருப்பாங்களே.

— அதுக்குள்ள பஜ்ஜி வந்துடுச்சு. பேச்சு மாறிப்போச்சு.

— போன மாசம் அம்மையார்குப்பம் சேலை வித்தியே, அதையாவது சொல்லியிருக்கலாம்.

— அது மார்க்கெட் சரியில்ல.

— மார்க்கெட்டா? உங்க ஈவ்லின் அத்தைக்குச் சேலையக் கட்டி, போட்டோ எடுத்துப் போட்ட. சேலைய ஒருத்தரும் கேக்கல. அத்தைய ரெண்டு பேரு கேட்டாங்க.

— அந்த ரெண்டு மெசேஜையும் அழிக்கக் கூடாதுன்னு அத்தை இன்னும் சொல்லிக்கினு இருக்குது.

— இரு, எனக்கு போன் வருது. பாவா... ஆங் பாவா, இங்கதான் இருக்கேன்... தெரியும் பாவா... பன்னண்டுக்குள்ளயா?... சரி பாவா, பத்து நிமிசத்துல நானே கூப்பிடறேன்.

— இன்னாவாம் உங்க அக்கா வூட்டுக்காரருக்கு?

— ஒரகடத்துல அவரு கம்பெனில ஒரு எடம் காலியாம். மாச சம்பளம், கேன்டீன் சாப்பாடு, திருத்தணிலேர்ந்தே கம்பெனி பஸ்ஸு. எனக்காகச் சொல்லி நிறுத்தி வெச்சிருக்காரு. பன்னண்டு மணிக்குள்ள வரேன், வரலன்னு ஒரு வார்த்த சொல்லணும். இல்லன்னா வேற ஆளுக்குப் போயிடும்.

— வரலன்னு சொல்லிடு. சிம்பிள் மேட்டர்.

— உனக்கு சிம்பிள். எங்க வூட்ல பொண்டாட்டி மோனிஷா தையல் மிஷின்ல உக்காந்தாத்தான் அடுப்பு எரியுது. அன்னிக்கு மொட்டையோட போயி நின்னேன். யாருக்கு வேண்டிக்கினேன்னு கேட்டா. ஷார்ஜால ஒருத்தருக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு சொன்னேன். எவனுக்கோ புள்ள பொறந்ததுக்கு நீ இன்னாத்துக்கு மொட்டை அடிச்சேன்னு கேட்டா. நாலு நாளா அவ பேசல. எனக்கு வூட்டுக்குப் போகவே பயமா இருக்குது.

— பேசுவா. பெரிய ஆளா வரவங்க எல்லாருக்கும் மொதல்ல வூட்ல இப்படித்தான். கம்பெனிக்குப் போனா இன்னா ஆவ? விடியறதுக்குள்ள பஸ்ஸு, கழுத்துல ஒரு அட்டை, எவனோ மணி அடிச்சா சோறு. எங்கப்பா முப்பது வருசம் அப்படிப் போனாரு. கடைசில இன்னா மிச்சம்? சக்கர வியாதியும் ஒரு சுவர் கடியாரமும். நம்ம கதை அப்படி இல்ல. இன்னைக்குத் திருத்தணி. ஆறு மாசத்துல பழனி, திருச்செந்தூர், சாமிமலை. ஊருக்கு ஒரு பிராஞ்சு.

— பிராஞ்சுக்குத் தலை?

— ஆளு எடுப்போம். முடி இருக்கறவனுக்கெல்லாம் வேலை குடுப்போம்.

— இந்த பிசினஸ் நிக்கும்னு உனக்கு நெஜமாவே நம்பிக்கை இருக்குதா கிங்ஸ்லி?

— நூறு பர்சென்ட்.

— அப்ப ஒரே பேச்சு. நீ போயி மொட்டைக்கு உக்காரு, நான் பாவாவுக்கு வரலன்னு சொல்லிடறேன். நீ உக்காரலன்னா திங்கக்கெழம நான் ஒரகடம் பஸ்ஸு ஏறிடுவேன்.

— பாஸ்டர் கேட்டா நான் இன்னா சொல்றது?

— வேர்வை தாங்கலன்னு சொல்லு.

— முருகனுக்குக் குடுக்கறதுன்னா அந்தம்மா என் தலைய ஒத்துக்க மாட்டாங்க சக்தி. என் பேரே கிங்ஸ்லி.

— கேட்டுடலாம். வீடியோ கால் போடு.

— வணக்கங்கம்மா. "உங்கள் வேண்டுதல், எங்கள் தலை"யிலேர்ந்து கிங்ஸ்லி பேசறேங்க.

— ஆங், கெங்கம்மாதான் பேசறேன். எறக்கியாச்சா நைனா?

— இல்லீங்கம்மா. எங்க ஆளுக்கு இன்னும் முடி வளரல. மூணு கிருத்திகை தள்ளி வெச்சிக்கலாங்களா?

— அது ஆவாது நைனா. நான் வேண்டிக்கினது இந்தக் கிருத்திகை. நமக்கு ஊரு நகரி. இப்ப ரெண்டு முட்டியும் ஆபரேசன் பண்ணிக்கினு புனேல மவ வூட்ல கெடக்கறேன். நடக்க முடிஞ்சா நானே வந்து என் தலையக் குடுத்திருப்பேன். ஆமா, எங்க வளரல? நல்லா சுருட்ட சுருட்டையாத்தானே தெரியுது.

— இது என் முடிங்கம்மா.

— அதத்தான் சொல்றேன். கொஞ்சம் திரும்பு, பின்னாடி பாக்கறேன். ஆகா, எவ்ளோ அடர்த்தி. இதையே குடு.

— நாங்க சர்ச்சுக்குப் போறவங்கம்மா.

— பொடுகு இருக்குதா?

— இல்லீங்க.

— அப்பப் போதும் நைனா.

— கிங்ஸ்லி, அம்மாவே சொல்லிட்டாங்க. லைன்ல இருக்கட்டும், போன என்கிட்ட குடு. அதோ அந்த மொட்டை அடிக்கற அண்ணன் காலியா இருக்காரு, போயி உக்காரு.

— நீ மொதல்ல பாவாவுக்குப் பேசு.

— நீ மொதல்ல உக்காரு.

— உக்காந்துட்டேன்.

— தலைய நனைக்கட்டும்.

— நனைச்சிட்டாரு. காதுக்குள்ள தண்ணி போவுது. பேசுடா.

— பாவா, நாந்தான்... ஆங். வரல பாவா... இல்ல, யோசிச்சுத்தான் சொல்றேன்... அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்... வேற ஆளுக்கே குடுத்துடச் சொல்லுங்க... அலோ? அலோ?

— இன்னா சொன்னாரு?

— வெச்சிட்டாரு.

— போன நல்லா தூக்கிப் புடி, அம்மாவுக்குத் தெரியட்டும்.

— நல்லாத் தெரியுது நைனா. இரு, இரு. கத்தி வெக்கறதுக்கு முன்னாடி இன்ன காரியத்துக்குன்னு முருகன்கிட்ட சொல்லணும். நான் சொல்லச் சொல்ல நீ திருப்பிச் சொல்லு. தலையக் குடுக்கறவன் வாயாலதான் சொல்லணும்.

— சொல்லுங்கம்மா.

— திருத்தணி முருகா.

— திருத்தணி முருகா.

— கெங்கம்மா புள்ள தணிகைமணிக்காக வந்திருக்கேன்.

— கெங்கம்மா புள்ள தணிகைமணிக்காக வந்திருக்கேன்.

— ரெண்டு வருசமா அவனப் புடிச்சிருந்த பீடைய நீ வெரட்டிட்ட.

— ரெண்டு வருசமா அவனப் புடிச்சிருந்த பீடைய நீ வெரட்டிட்ட. ஒடம்பு சரியில்லாம இருந்தாருங்களா?

— ஒடம்புக்கு இன்னா, கல்லாட்டம் இருக்கான். நீ சொல்லு. கையில காசில்லாம ஆன்லைன் பிசினஸ் பண்றேன்னு சுத்திக்கினு இருந்தான்.

— சக்தி, போனக் கொஞ்சம் கீழ எறக்கு.

— சொல்லு கிங்ஸ்லி. அண்ணன் கத்தியோட நிக்கறாரு.

— கையில காசில்லாம ஆன்லைன் பிசினஸ் பண்றேன்னு சுத்திக்கினு இருந்தான்.

— அந்தப் புத்திய மாத்தி, மாச சம்பளத்துக்கு ஒரு நல்ல கம்பெனிக்கு அனுப்பி வெச்ச.

— ...அனுப்பி வெச்ச.

— சொன்னபடி உனக்கு முடி எறக்கறேன். ஆங், போதும். இப்பக் கத்திய வெக்கச் சொல்லு.

— வெச்சிட்டாருங்கம்மா. நடு மண்டைலேர்ந்து எறக்கறாரு. நான் சக்திவேல் பேசறேன்.

— நீங்க தப்பா எடுத்துக்காதீங்க நைனா, உங்களச் சொல்லல. நீங்க புண்ணியம் பண்றீங்க. இவன் கதை வேற. கூட்டாளி ஒருத்தன் வாச்சான், வாயாலயே ஊரூருக்குக் கடை தொறப்பான். இவன் சோத்துல கைய வெச்சிக்கினே போனப் பாப்பான், ஆர்டர் வந்துச்சான்னு. வரலன்னு தெரிஞ்சதும் அந்த மூஞ்சி இருக்குதே, பெத்தவளால பாக்க முடியல. எத்தினியோ நாள் சமையக்கட்டுல போயி நின்னு அழுதிருக்கேன். பேசி வெச்சிருந்த பொண்ணு வூட்லயும் வேணான்னுட்டாங்க.

— வேணான்னுட்டாங்களா?

— நீ தலைய ஆட்டாத நைனா, கத்தி பட்டுடும். ஆமா, இன்னா பிசினஸ்னு ஒரு நாளு நேராவே வந்து பாத்துட்டாங்க. இவன் வேலைக்குப் போறான்னு தெரிஞ்சப்புறம் அவங்களே திரும்பி வந்தாங்க. உங்களுக்கு அனுப்பின பணம் கூட அவன் மொத சம்பளம்தான்.

— சக்தி, அங்க இன்னாடா பண்ணிக்கினு இருக்க?

— இன்னொரு கையில பாவாவுக்கு வரேன்னு மெசேஜ் போட்டேன். அந்த எடத்துக்கு ஆளு போட்டாச்சாம்.

— இன்னா நைனா, பாதித் தலையோட அப்படிப் பாக்கற? எரியுதா?

— எரியலீங்கம்மா. உங்க பையன் போற கம்பெனில இன்னும் ரெண்டு ஆளு எடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களா?