கப்பலில் எந்த அறை, எந்த மேஜை

கப்பலில் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நம் கப்பல் பயணக் குழுவில் ஒருவர், ஆனி மாதம் இலங்கை போன கப்பலில் ஒரு அம்மா சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இறந்துபோனார், யாரும் அதில் போகாதீர்கள் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே நிறைய பேர் சமையல்காரர்களைத் திட்டியிருந்தார்கள். அது நியாயம் இல்லை. அந்த அம்மா என் சம்பந்தி அருள்மொழி. அவர் இருந்த அறையில்தான் நானும் இருந்தேன். அதனால் நடந்ததை எழுதுகிறேன். முதல்முறை போகிறவர்கள் எந்த அறை வாங்கலாம், எந்த மேஜையில் உட்காரலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

நான் மரக்காணம். பெயர் ஆண்டாள். பதினெட்டு வருஷம் உப்பளத்தில் உப்பு வாரிக் கூடை சுமந்தேன். இப்போது ஈசிஆர் ரோட்டில் சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் முருகையன் இறந்துபோனபோது என் மகள் பூவிழிக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளை பி.காம் படிக்க வைத்தேன். வானூரில் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை செந்தமிழுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவருடைய அம்மா அருள்மொழி தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் வீட்டுக்காரர் இல்லை.

பூவிழி மாசமாகி நாலு மாதம் ஆனபோது மாப்பிள்ளை, குழந்தை வந்துவிட்டால் எங்கேயும் போக முடியாது என்று சொல்லி இரண்டு அம்மாக்களையும் சேர்த்து டிக்கெட் போட்டார். சென்னையில் ஏறி இலங்கை போய்த் திரும்பி வர ஐந்து நாள்.

அறையைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாரும் பால்கனி வைத்த அறைதான் வேண்டும் என்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையாக இருந்தாலும் பரவாயில்லை, அதைக் கேளுங்கள். ஆட்டம் தெரியாது. எங்களுக்குக் கிடைத்தது ஒன்பதாவது தளத்தில் பின்கோடி. பால்கனிக் கதவைத் திறந்தால் காற்றுச் சத்தத்தில் அறைக்குள் பேசுவது வெளி நடைக்குக் கேட்காது. இரண்டாவது, ஒரே குடும்பம் என்றால் அறைகளைப் பக்கத்துப் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். மாப்பிள்ளை தாமதமாகப் பதிவு செய்ததால் அவர்கள் அறை முன்கோடியில் இருந்தது. சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே அறை.

அருள்மொழி நல்ல மனுஷி. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அறைக்குள் போனதும் பால்கனி ஓரத்துக் கட்டிலை எனக்கு விட்டுக் கொடுத்தார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று என் குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தன் பெட்டியிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக் கையில் கொடுத்தார். நான் போட்டுக்கொள்ளவில்லை. அது அவருடைய குற்றம் இல்லை.

இப்போது மேஜை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உங்களுக்கு ஒரு மேஜை எண் கொடுப்பார்கள். முதல் பந்தி ஆறரை மணிக்கு, இரண்டாவது பந்தி அதற்கப்புறம். வயதானவர்கள் முதல் பந்தியைக் கேளுங்கள். வட்ட மேஜை நல்லது. நீள மேஜை என்றால் முதல் நாள் எங்கே உட்காருகிறோம் என்று பார்த்து உட்காருங்கள், ஏனென்றால் முதல் நாள் உட்கார்ந்த நாற்காலியில்தான் கடைசி நாள்வரை உட்காருவீர்கள். யாரும் சட்டம் போடுவதில்லை, அப்படி ஆகிவிடும். எங்களுக்கு ஆறு பேர் உட்காரும் நீள மேஜை. பூவிழி போய் அருள்மொழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் எதிர்ப்பக்கம், கோடியில். என் பக்கத்தில் கூனிமேட்டுக்காரர்கள், முஹம்மது யூசுப் பாயும் அவர் வீட்டுக்கார அம்மா மரியம் பீவியும். குவைத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள். பக்கத்து ஊர் என்று தெரிந்ததும் நன்றாகப் பேசினார்கள்.

மரியம் பீவி, இது யார் அது யார் என்று கேட்டார். பூவிழி அருள்மொழியின் தோளில் கையை வைத்து, "இவங்க அம்மா," என்றாள். என்னைக் காட்டி, "அவங்க மரக்காணத்து அம்மா," என்றாள்.

கல்யாணம் ஆன புதிதில் அத்தை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது.

"ரெண்டு அம்மாவா? குடுத்து வச்சவம்மா நீ," என்றார் மரியம் பீவி. "எனக்கு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அதுவும் பாதி நாளு என்கூட பேசாது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கப்பலில் எல்லாமே காரம் கம்மியாக இருக்கும் என்று கேள்விப்பட்டு, நம் ஊர்க்காரர்கள் செய்கிற தப்பை நானும் செய்திருந்தேன். பொடி கொண்டு போயிருந்தேன். ஒரு பாட்டிலில் பருப்புப் பொடி. இன்னொன்றில் கூனிப்பொடி. கூனி என்றால் சின்னச் சின்னக் காய்ந்த இறால். வறுத்து, மிளகாயும் பூண்டும் வைத்து இடிப்போம். பூவிழிக்குச் சின்ன வயதிலிருந்து அது இல்லாமல் சோறு இறங்காது. மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டு போனில், "கூனிப்பொடி இருந்தா நாலு வாய் துன்னுவேம்மா," என்று அழுதவள் அவள்தான். அதற்காகத்தான் கொண்டு போனேன். மேஜையில் எடுத்து மூடியைத் திறந்தேன்.

பூவிழி கையை நீட்டி மூடியை அழுத்தி மூடினாள். "அம்மாவுக்கு ஆகாதும்மா. வாசனைகூட வேணாம். உள்ள வையி," என்றாள்.

அது உண்மைதான். நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டில் இறால் தொக்கு ஒரு வாய் சாப்பிட்டதற்கே அருள்மொழிக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து ஒரு ஊசி வரவழைத்துக் கொடுத்திருந்தார். அதை மாத்திரைகளோடு ஒரு நீலப் பையில் போட்டு எங்கே போனாலும் வைத்திருப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் தனிச் சட்டியில்தான் அவருக்குச் சமைப்பேன். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டேன். யூசுப் பாய் பேச்சை மாற்றுவதற்காக, பிரசவம் மரக்காணத்திலா, பாண்டிச்சேரியிலா என்று என்னைக் கேட்டார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. நான் அதற்காக வீட்டில் ஒரு அறையை வெள்ளையடித்து, கட்டில் போட்டு வைத்திருந்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

பூவிழி முந்திக்கொண்டாள். "வானூர்லதாங்க. அம்மா கிட்டயே இருந்துடலாம்னு இருக்கேன். மரக்காணத்துல ஒரே உப்புக் காத்து, வூடும் சின்னது."

அருள்மொழி உடனே, "அதெல்லாம் இல்லம்மா, மொதப் பிரசவம் அவங்க வூட்லதான், அதான் மொற," என்றார். எனக்காகப் பரிந்து பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மகளை அவர் எனக்குக் கொடுக்கிறார், நான் வாங்கிக்கொள்ள வேண்டும். பூவிழி அவர் பக்கம் சாய்ந்து, "நீங்க சும்மா இருங்கம்மா," என்றாள். அந்தச் செல்லம் என்னிடம் அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது கடைசியாகக் காட்டியது.

அடுத்த நாள் கடல் கொஞ்சம் ஆடியது. அருள்மொழிக்குத் தலைசுற்றல், வாந்தி. ஏசியில் சளி பிடித்து மூக்கும் அடைத்திருந்தது. படுத்தே இருந்தார். அறையில் சின்னதாக ஒரு லாக்கர் இருக்கும், நாலு எண் போட்டுப் பூட்டலாம். மூன்று முறை தப்பாக அழுத்தினால் கொஞ்ச நேரத்துக்குத் திறக்காது என்று அறையைக் காட்டும்போதே சொல்லித் தந்திருந்தார்கள். நகை, பாஸ்போர்ட் வைக்கலாம். மருந்தை மட்டும் அதில் வைக்காதீர்கள். அன்று காலையில் அருள்மொழி குளிக்கப் போனபோது நான் நீலப் பையை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினேன். சுத்தம் செய்ய வருகிறவர்கள் கை படக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூவிழி பிறந்த தேதியையும் மாதத்தையும் எண்ணாகப் போட்டேன்.

மத்தியானம் பிள்ளைகள் இரண்டு பேரும் மேல்தளத்தில் நீச்சல்குளத்துக்குப் போனார்கள். போகும்போது பூவிழி கதவோரம் நின்று, அம்மாவைப் பார்த்துக்கோ என்றாள். நான் பொதுச் சாப்பாட்டு இடத்துக்குப் போய் ஒரு கிண்ணம் தயிர்சாதம் எடுத்து வந்தேன். நல்ல சாதம், குழைவாக, கல் உப்பு போட்டுப் பிசைந்தது மாதிரி இருந்தது. சமையல்காரர்களைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறையில் அருள்மொழி கண்ணை மூடிப் படுத்திருந்தபோது இரண்டு பாட்டிலையும் எடுத்துப் பருப்புப் பொடியில் கூனிப்பொடியைக் கலந்து சாதத்தில் போட்டுப் பிசைந்தேன். பூண்டு தூக்கலாக இருந்தால் கூனி வாசனை தெரியாது.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம், சம்பந்தி," என்று எழுந்து உட்கார்ந்தார். நாலைந்து வாய் சாப்பிட்டார். "நல்லா இருக்குதுங்க. வாய்க்கு இப்பத்தான் எதுனா புடிக்குது. பூவிழிக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்க."

வைக்கிறேன் என்றேன். பால்கனிக் கதவைத் திறந்து விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தைச் சொறிந்தார். நாக்கு தடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். பிறகு தலைமாட்டில் கையைவிட்டுத் தேடினார். "பை. பையை எடுங்க, சம்பந்தி."

நான் லாக்கர் முன்னால் உட்கார்ந்தேன். தப்பான எண்ணை மூன்று முறை அழுத்தினேன். என் மகள் பிறந்த தேதியை நான் மறக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போன் இருக்கிறது, அவசரத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. எனக்கு இங்கிலீஷ் வராது, அதனால் கூப்பிடவில்லை என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னேன். அந்தப் பொத்தானுக்கு இங்கிலீஷ் வேண்டாம், படம் போட்டிருக்கிறது. அருள்மொழி என் புடவையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை தானாக விழும்வரை நான் நகரவில்லை. அப்புறம் கிண்ணத்தைக் கழுவி, பாட்டில்களைக் கடலில் போட்டுவிட்டு, வெளி நடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

டாக்டர் வந்தார். நல்ல டாக்டர்தான், ஆனால் நேரம் ஆகியிருந்தது. பதற்றத்தில் எண் மறந்துவிட்டது என்றேன். லாக்கரை வேறு சாவி போட்டுத் திறந்து பையை எடுத்தார்கள். இறால் வைத்த கரண்டியைத் தயிர்சாதத்திலும் போட்டிருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பூவிழி ஈரத் துணியோடு ஓடி வந்து அருள்மொழியைக் கட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்தினாள். "இங்கதான்டி இருக்கேன்," என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து மாதம் ஆகிவிட்டது. துக்க வீடு என்று வளைகாப்பு வைக்கவில்லை. வானூரில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஏழாவது மாதம் முடிந்ததும் மாப்பிள்ளையே அவளை என் வீட்டில் கொண்டுவந்து விட்டார். வந்த அன்று கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"ஏடிஎம், போனு, எல்லாத்துக்கும் என் பொறந்த நாளத்தானே போடுவ. அந்த லாக்கருக்கு இன்னா போட்ட?"

"ஞாபகம் இல்லடி," என்றேன்.

அன்றிலிருந்து அவள் என் கையால் சாப்பிடுவதில்லை. மூன்று வேளையும் ஓட்டலிலிருந்து பார்சல் வருகிறது. சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர்தான் குடிக்கிறாள். மாசமாக இருக்கிறவர்களுக்கு வாய் இப்படித்தான் மாறி மாறிப் போகும் என்று பக்கத்து வீட்டில் கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

அவளும் இந்தக் குழுவில் இருக்கிறாள். இதைப் படிப்பாள். சமையல்காரர்கள் மேல் தப்பு இல்லை. கலந்தது நான், தெரிந்தே கலந்தேன், அருள்மொழி சாக வேண்டும் என்றுதான் கலந்தேன். போலீஸ் வந்தால் இதையே சொல்வேன். பிரசவம் ஆகும்வரை மட்டும் பொறுக்கச் சொல்லிக் கேட்பேன், பத்தியச் சமையல் போட வேறு யாரும் இல்லை.

இன்று நல்ல மழை. ரசம் வைத்து, சுடு சாதம் வடித்து, தட்டை அவள் அறை வாசலில் வைத்திருக்கிறேன். உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். போட்டுக்கொள்ளட்டும். பெற்றவள் கைச் சோற்றை எந்தப் பெண்ணால் எத்தனை நாள் வேண்டாம் என்று சொல்ல முடியும்.