புள்ளி வைக்காத மெய்

உங்கள் ஸ்டேஷனில் இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பரவாயில்லை, அது ஆடினாலும் நான் ஆடாமல் உட்கார்ந்துகொள்வேன்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். சத்தம் கேட்டதா என்றால், கேட்டது. என் மேசைக்கு நேர் மேலேதான் தம்பியின் அறை. ஆனால் அதற்கு முன் எங்கள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இணையத்தில் நாற்பது பேர் சேர்ந்து ஆடும் வேட ஆட்டம் அது. படம் எதுவும் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஒருவர் குதிரைக்காரர், ஒருவர் படகோட்டி, ஒருவர் அரண்மனைச் சமையல்காரர். அவரவர் வேடத்துக்குள் நின்றுதான் பேச வேண்டும். ஒன்பது வருடமாக நான் நடுவர். என்னைத் 'தராசு' என்பார்கள். அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தும் யாரும் எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைத்ததில்லை.

தம்பியும் ஆடினான். அவனுக்குத் தசை கரையும் நோய். கடைசியில் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அவன் சொன்னபடி கேட்டது. முகத்தில் மூச்சுக் கருவியின் முகமூடி, விரலுக்குக் கீழே சின்ன விசைப்பலகை. குரல் போய் இரண்டு வருடம். ஆட்டத்தில் அவன் தபால் ஓட்டக்காரன். மூன்று மலையை ஒரே மூச்சில் தாண்டுவான்.

வேடத்தை விட்டு வெளியே வந்து சொந்தக் கதை பேசினால் ஒரு மணி நேரம் வாய்ப்பூட்டு, எதுவும் எழுத முடியாது. உடம்புக்கு நிஜமாகவே ஆபத்து என்றால் மட்டும் 'மெய்' என்று எழுதலாம். ஆட்டம் அப்படியே நிற்கும். இன்னொரு விதி எனக்கு. ஆட்டத்துக்கு வெளியே தெரிந்ததை வைத்து நடுவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதை எழுதியவன் நானே.

ஒருநாள் படகோட்டி வேடக்காரர், "மெய். அடுப்புல பால் பொங்குது, வந்துடறேன்" என்று எழுதினார். பால் உடம்பு ஆகாது. பூட்டினேன். அன்றிலிருந்து அவர் பெயர் பால்காரம்மா. சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

பிறகு தம்பி, "மெய். மூக்கு அரிக்குது" என்று எழுதினான். மேலே போய்ச் சொறிந்துவிட்டு வந்தேன். பூட்டவில்லை. நான் செய்த தவறு அதுதான். அதை மறுக்க மாட்டேன்.

"என் பாலுக்கு ஒரு மணி நேரம், உங்க வீட்டு மூக்குக்கு மன்னிப்பா?" என்றார் பால்காரம்மா, அன்றைய ஆட்டம் முடிந்த பிறகு நடந்த அரட்டையில்.

"தராசுத் தட்டுல யாரோ கட்டைவிரலை வெச்சிருக்காங்கப்பா," என்றார் சமையல்காரர்.

"விடுங்கய்யா. நமக்கெல்லாம் கூடப்பிறந்தவன் நடுவரா வாய்க்கலையே," என்றார் குதிரைக்காரர்.

ஒரு வாரம் இதே பேச்சு. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தம்பியிடம் போய், "இனிமே உனக்கும் எல்லாருக்கும் ஒரே சட்டம்டா," என்றேன். அவன் நிதானமாகத் தட்டினான்: "சரிங்க துரை. மூக்குகிட்ட சொல்லி வைக்கிறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா சித்தி வீட்டுக்குப் போனாள். தம்பியை என் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் போனாள். நாற்பது பேரும் ஆட்டத்தில் இருந்தார்கள். மூன்றேகாலுக்கு மாடியில் மூச்சுக் கருவி கூவ ஆரம்பித்தது. முகமூடியிலிருந்து குழாய் கழன்றால் அப்படித்தான் கூவும். திரும்ப மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது.

திரையில் தம்பி எழுதினான்: "மெய"

புள்ளி இல்லை. யகரத்தின் மேல் புள்ளி இல்லாவிட்டால் அது ஒரு சொல்லே அல்ல. கூவல் என் காதில் விழுந்தது உண்மை. ஆனால் அது ஆட்டத்துக்கு வெளியே கேட்டது. மற்றவர்கள் யாருக்கும் கேட்காத ஒன்றை வைத்து நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

அடுத்து, "அண்ணா" என்று வந்தது. தபால் ஓட்டக்காரனுக்கு அண்ணன் கிடையாது. மூன்று பதினேழுக்குப் பூட்டினேன்.

பால்காரம்மா எழுதினார்: "தராசு, அந்தப் புள்ள நெசமாவே கூப்பிடுது. எழுந்து போய்ப் பாருங்க." அதுவும் வேடத்துக்கு வெளியேதான். அவரையும் பூட்டினேன்.

பிறகு சமையல்காரர், வேடம் கலையாமல், "நம் நாட்டுத் தராசு தம்பிக்கும் சாயாது மன்னா" என்று எழுதினார். நான் அதை இரண்டு முறை படித்தேன்.

கூவல் தொந்தரவாக இருந்ததால் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஒரு குதிரைப் பந்தயம் நடந்தது. தோற்றவர் முறையிட்டார். இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னேன். யாரும் முணுமுணுக்கவில்லை.

நான்கு பதினேழுக்குத் தம்பியின் பூட்டைத் திறந்தேன். ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டு நிமிடம் கழித்துப் பால்காரம்மாவுக்குத் திறந்ததும், "போனீங்களா?" என்று கேட்டார். மறுபடி பூட்ட வேண்டியதாயிற்று. தம்பி எதுவும் எழுதவில்லை. பிறகு மேலே போனேன்.

"மூக்குக்கு ஓடுனியே, மூச்சுக்கு ஓடலையாடா?" என்று திரும்பி வந்த அம்மா கேட்டாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது.

உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பாரபட்சம் காட்டினேன் என்று மட்டும் எங்கேயும் வந்துவிடக் கூடாது.