சிக்கு விழாத ரீலு

அது வேணாம் தம்பி, உள்ள வைங்க. தூண்டில் கம்புக்கு அடியில தொங்குற ரீலு எங்க வீட்டுக்கு ஆகாது. மீனுக்கு எடை கொறஞ்ச ரப்பர் தவளைய எறிய அதுதான் சுளுவுன்னு நீங்க சொல்றது சரிதான், நான் இல்லங்கல. ஆனா அதுல எறியணும்னா ஆள்காட்டி வெரலை மடக்கி நூலைப் பிடிக்கணுமா இல்லையா? எங்க வீட்டுக்காரவுகளுக்கு அந்த வெரலு மடங்காது. சவூதியில, தமாம்ல வேலை பாக்கையில மிசினு கடிச்ச கை. மணிக்கட்டுக்குள்ள தகடு வச்சிருக்கு. கம்புக்கு மேல உக்காந்திருக்கும் பாருங்க, கட்டவெரலால அமுக்கி விடுற ரீலு, அதைக் காட்டுங்க. திருச்சுழில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். அந்த ஸ்டூலை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்க.

ம்... தண்ணியெல்லாம் வேணாம், இருக்கட்டும்.

இந்தா பாருங்க, கையோட கொண்டாந்திருக்கேன். இந்த ரப்பர் தவளைதான். சுண்டைக்காய் கனம்கூட இருக்காது. பெருசு எறிஞ்சா அவுகளுக்கு மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு வலிக்கும், ராவெல்லாம் ஒத்தடம் குடுக்கணும். கண்மாயிலயும் இப்பத் தண்ணி முழங்காலுக்குத்தான் கெடக்கு. பெருசு தொப்புன்னு விழுந்தா வெராலு மீனு அந்தப் பக்கமே வராதாம். அதனால இந்த எடைதான். இதை மாத்தச் சொல்லாதீக.

இடது கையால எறியலாமேன்னு கேக்குறீகளா? எறிஞ்சாகளே! அது நேராப் போயி, கரையில ஆடு மேச்ச மாயக்காளோட ஆட்டு முதுகுல மாட்டுச்சு. ஆடு கண்மாய்க் கரையில ஓடுது, நூலு பின்னாலயே ஓடுது, மாயக்காள் ஒரு பக்கம் வையிது, இவுக கம்பை விடாம நிக்கிறாக. அன்னைக்கோட அந்த யோசனைய விட்டாச்சு. நீங்க சிரிங்க, சிரிங்க. நானும் அன்னைக்குச் சிரிச்சேன்தான்.

கட்டவெரலு வேலை செய்யுமான்னா, அமுக்கும். ஆனா அதுக்கு உணர்ச்சி கெடையாது தம்பி. அதுதான் வென. சுடுசோத்துல வச்சாலும் தெரியாது. தவளை தண்ணியில விழுந்த பொறகும் நூலு சுத்தியிருக்குற உருளை சுத்துது, அது வெரலுக்குத் தெரியணும், தெரிஞ்சு நிப்பாட்டணும். இவுகளுக்குத் தெரியறதுக்குள்ள நூலு பொங்கிச் சிக்கு விழுந்துரும். கனத்த தவளைன்னா அதுவே நூலை இழுத்துட்டுப் போகும். இது பஞ்சு மாதிரி போகுது, உருளை அதுக்கு முந்திக்கிட்டுச் சுத்துது. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீகளா? நான் தையக்காரி. பாபின்ல நூலு லூசா ஓடினா அடியில எப்படிக் கொத்தாச் சேந்துக்கிருமோ, அதேதான் இதுவும்.

அந்தத் திமிர்லதான் ஒரு கூத்துப் பண்ணிட்டேன். ரீலு வெரசாச் சுத்தாததாலதான் சிக்கு விழுதுன்னு நெனச்சு, தையல் மிசினு எண்ணெய உள்ள தாராளமா விட்டுட்டேன். மறுநா எறியிறாக, அடியாத்தி, உருளை நிக்கவே மாட்டேங்குது! மொத்த நூலும் பொங்கி வழிஞ்சு வந்துருச்சு. அவுக கம்பைத் தரையில வச்சுட்டு என்னைப் பாத்தாக பாருங்க.  ரெண்டு வசவு வஞ்சிருந்தாத் தேவல.

ஆமா, சிக்கை நான்தான் எடுப்பேன். சாயங்காலம் வெளக்கு வச்சதும் வாசல்ல உக்காந்து, ஒரு ஊக்கை வச்சுக்கிட்டு ஒவ்வொரு கண்ணியா நெம்பி எடுக்கணும். வெட்டக் கூடாது, வெட்டினா நூலு பாழு. அவுக எதிர்ல உக்காந்து நுனியப் பிடிச்சுக்கிடுவாக. இழுக்காதீகன்னு சொல்லுவேன், இழுப்பாக. கையில அடிபட்டு வந்ததுல இருந்து அவுக வீட்டுல பேசுறதே கெடையாது தம்பி. வந்தியா, சாப்பாடு ஆச்சா, அம்புட்டுத்தான். ஆனா அந்த நுனியப் பிடிச்சுட்டு உக்காந்தா மட்டும் வாய் தெறக்கும். தமாம்ல கூட இருந்த மலையாளத்து ஆளு, ரூம்ல வளத்த பூனை, எம்மவ ஷஹீனா பொறந்த சேதிய போன்ல கேட்டுட்டு அன்னைக்கு முழுக்க யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்தது. அதெல்லாம் எனக்கு அந்தச் சிக்குல இருந்துதான் தெரிஞ்சது. இல்லாட்டி எனக்கு என்னத்தத் தெரியும்.

சரி, அதை விடுங்க. இந்தக் கறுப்பு எப்படி? பிரேக்கு எங்க இருக்கு? மூடியக் கழட்டி உள்ள இருக்குற ஆணிய ஒண்ணொண்ணாத் தள்ளணுமா? வேணாம் வேணாம், ஒத்தக் கையால யாரு கழட்டுறது? வெளியில திருகுற மாதிரி காந்தம் வச்சது இருக்காமே, அது இருக்கா? ஆங், இதுதான். உருளை இம்புட்டு லேசா இருக்கே, தகரமா? நல்லது. லேசா இருந்தா லேசானதை எறியும், அதுதானே கணக்கு. உருளையில ஆழமும் கம்மியா இருக்கு, நூலு கொஞ்சமாத்தான் கொள்ளும். கொஞ்சமாப் போதும். கொஞ்சமா இருந்தாக் கொஞ்சமாத்தான் சிக்கும்.

பிரேக்கைக் கூட்டி வச்சாத் தூரம் போகாதா? போகாட்டிப் போகுது. கரையில இருந்து அல்லிக்கொடி வரைக்கும் போனாப் போதும், அவுக என்ன போட்டிக்கா எறியிறாக. இதுல நூலைக் கோத்து அந்தக் கம்புல மாட்டிக் குடுங்க, நான் இப்பவே எறிஞ்சு பாக்கணும். ரோட்டுல ஆளில்லாதப்ப எறியிறேன். என்னய எதுக்குத் தடுக்குறீக, கடைக்கு வாரவுக எல்லாம் பாக்கத்தான் செய்வாக, பாத்துட்டுப் போகட்டும்.

கட்டவெரலைத் தூக்கிருவேன், பாத்துக்கிடுங்க. உருளையத் தொடவே மாட்டேன். அவுக வெரலு மாதிரி.

போச்சா? எங்க போச்சு? ஏ ஆட்டோத் தம்பி, நகராத, அது கொக்கியில்லாத தவளைதான், நீ பாட்டுக்கு இரு! ... பாத்தீகளா தம்பி? நூலு ஒரு சுத்து எம்பிச்சு, அவ்வளவுதான், பொங்கல. இன்னொரு தடவை. பிரேக்கை ஒரு பல்லு கூட்டி வைங்க.

சிக்கு விழலையே. மாஷா அல்லா, விழவே இல்லையே!

இது போதும் தம்பி. இதையே குடுங்க. என்ன, கண்ணு கலங்குதா? தூசி. அருப்புக்கோட்டை ரோட்டுல தூசிக்கா பஞ்சம்.

பழைய கம்பு இருக்கு, பரண்ல கெடக்கு. அவுகதான் தூக்கிப் போட்டாக. ஒரு மாசமா கண்மாய்ப் பக்கமே போகல. கட்டில்ல படுத்து ஃபேனைப் பாத்துக்கிட்டே கெடக்காக. ஏன்னு கேட்டா, சிக்கு விழுந்தா யாரு எடுக்குறதுங்கிறாக. எனக்கு அதைப் பாக்க முடியல தம்பி. மனுசன் நாலு எட்டு எடுத்து வச்சு வெளிய போறதே அந்தக் கம்பாலதான். அதையும் விட்டுட்டா சுவத்தைப் பாத்தே உக்காந்து போவாக. அதுக்குத்தான் இந்த அலைச்சல். பாளையம்பட்டியில ஒரு கடை ஏறி எறங்கிட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்.

நீங்கதான் இருக்கீகளே, நீங்க எடுத்துக் குடுக்க மாட்டீகளா, இம்புட்டு வக்கணையா எடுக்குறீகன்னுதானே கேக்க வாரீக?

நான் திங்கக்கெழமை குவைத்துக்குப் போறேன் தம்பி. ஒரு வீட்டுல சமைக்க. தையல்ல வாரது அவுக மாத்திரைக்கே பத்தல, அவுக கை இனிமே சம்பாதிக்காது, வேற யாரு போறது. ரெண்டு வருசம். மகளக் கட்டிக் குடுத்த எடம் தூரம், அவளைக் கூப்பிட முடியாது. விசா வந்த அன்னைக்குத்தான் அவுக கம்பைத் தூக்கிப் பரண்ல போட்டாக.

நூலை நல்லா இறுக்கிச் சுத்துங்க. அந்தத் திருகு இருக்குல்ல, இப்ப வச்ச எடத்துலயே ஒரு சொட்டு நெகப் பாலிசு வச்சு விடுங்க, என் பையில இருக்கு. தூரம் போகலன்னு அவுக அவசரத்துல திருகித் தளத்திருவாக. பெட்டியெல்லாம் வேணாம், அப்படியே குடுங்க.

என்னதான் வச்சாலும் எப்பவாச்சும் ஒரு சிக்கு விழத்தான் செய்யும். விழுந்தா இங்கதான் எடுத்துட்டு வருவாக, நான் சொல்லி வச்சுட்டுப் போறேன். ரஷீதுன்னு பேரு. வலது கையைப் பைக்குள்ள விட்டுட்டு வருவாக, அடையாளம் தெரியும். வெட்டிறாதீக தம்பி. ஒரு ஸ்டூலைப் போட்டு எதிர்ல உக்காரச் சொல்லி, நுனிய அவுக கையில குடுங்க. இழுப்பாக, ஒண்ணும் சொல்லாதீக. அவசரப்படாம, மெதுவா எடுங்க.