ஊற்றருகே ஒரு நீலச் செருப்பு

— இன்னும் மேல ஏறு தெம்யோங், மேல! வளையத்துக்கு மேல உன் தலை போனாத்தான் ஊரு முழுசா ஃபோட்டோல விழும்.

— ஏறிட்டேன் கேப்டன் அண்ணி, ஊர்த்தலைவி சொல்லைத் தட்டுவேனா! இதுக்கு மேல ஏறினா நேரா பரலோகந்தான். ஐயோ, இங்கருந்து பாக்கணுமே நீங்க! பாஸ்கெட்பால் கோர்ட்டுல நம்ம ஊரையே குட்டியா செஞ்சு இறக்கிட்டோம்!

— குதிக்காதடா, ஏணி ஆடுது. புது ரோடு தெரியுதா?

— செவப்பு நைலான் கயிறு ஜம்முனு தெரியுது. படகுத்துறையில ஆரம்பிச்சு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வளைஞ்சு போகுது. அலையாத்திக் காட்டைத் தொடவே இல்ல. அந்த வளைவுக்குத்தானே முந்தாநேத்து அடிதடி ஆகப் பாத்துச்சு?

— ஆகப் பாத்துச்சாவா? ரோடு காட்டு வழியாத்தான் போகணும்னு இஸ்கோ தூக்கின நாற்காலி என் தலைக்கு மேலதான் நின்னுச்சு. இன்னிக்கு அவனே கயித்தை இழுத்துக் கட்டினான். டூரிஸ்ட் காட்டேஜ் எல்லாம்?

— ஆறு தேங்கா மூடி. எல்லாம் காட்டுக்கு வெளிய, மணல்மேட்டுல வரிசையா இருக்கு. ரோட்டோரம் சந்தை, பக்கத்துல ஆஸ்பத்திரி. மலைக்குப் போட்ட தழை பச்சைப்பசேல்னு... அண்ணி, மெய்யாலுமே கண்ணு கலங்குது எனக்கு.

— கலங்கு, கலங்கு. ஃபோனை மட்டும் கீழ போட்டுடாத. டவுன் ஆபீஸ் அம்மா பதினோரு மணிக்கு வந்துடுவாங்க. இந்த ஊர்த் திட்டத்துல அவங்க முத்திரை விழுந்துட்டா பத்து வருஷத்துக்கு எந்தக் கொம்பனாலயும் மாத்த முடியாது. செருப்பெல்லாம் எண்ணு!

— எண்ணறேன், எண்ணறேன். புயலுக்கப்புறம் நிவாரணம்னு ஊருக்கே ஒரே நீலச் செருப்பா குடுத்தாலும் குடுத்தாங்க, எது யாருதுன்னே தெரியல.

— அதுக்குத்தானே அடியில பேரெழுதச் சொன்னேன். குடும்பத்துக்கு ஒத்தச் செருப்பு. இப்ப இருக்கற இடத்துல இல்ல, இனிமே வீடு கட்டப்போற இடத்துல. மொத்தம் அறுபத்து மூணு வரணும்.

— ஊரே ஒத்தச் செருப்போட நொண்டிக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல பான்சிட் நூடுல்ஸ் தின்னுக்கிட்டு இருக்கு. நீங்க ஒருத்தர்தான் இங்க கொக்கு மாதிரி நிக்கறீங்க.

— வாயை மூடிட்டு எண்ணுடா!

— ஐம்பத்தொம்போது, அறுபது... அறுபத்திரண்டு... அட, இது என்ன?

— என்ன?

— ஊத்துக்கிட்ட ஒரு செருப்பு கெடக்கு.

— எந்த ஊத்து?

— நம்மகிட்ட எத்தனை ஊத்து இருக்கு? ஊர்க் குழாய்க்கெல்லாம் தண்ணி வர்ற ஊத்துதான். தழைக்கு நட்ட நடுவுல, பாதி மறைஞ்சு கெடக்கு.

— உன்னுதா? காலையில நீதானே அங்க வெச்சே?

— நான்தான் எடுத்துட்டேனே! மைக்கைப் புடிச்சுக்கிட்டு கேட்டீங்களே, 'உன் வீட்டுக் கக்கூஸ் தண்ணியை ஊரே குடிக்கணுமா தெம்யோங்?'னு. ஊரே சிரிச்சுது. என் பொண்டாட்டி மூஞ்சியை மூடிக்கிட்டா. அங்கதான் வீடு கட்டித் தரேன்னு கல்யாணத்துக்கு முன்னாலருந்தே அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன், பாவம். உடனே எடுத்து ரோட்டோரம் வெச்சிட்டேன்.

— மனசுல வெச்சுக்காதடா. நீ எடுத்ததப் பாத்துட்டுத்தான் இன்னும் எட்டுப் பேரு எடுத்தாங்க.

— கோவமெல்லாம் இல்ல அண்ணி, பெருமைதான். ஆனா எவனோ நைசா வந்து வெச்சிருக்கான் பாருங்க! நான் எறங்கி வந்து புரட்டிப் பாக்கறேன், எவன் பேருன்னு...

— தொடாத! அடுத்தவங்க செருப்பை யாரும் தொடக்கூடாது, அந்தந்தக் குடும்பந்தான் எடுக்கணும்னு பேசியிருக்கோம்ல.

— அப்ப மைக்ல கூப்புட்டு, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேளுங்க!

— இரு... சர்ச்சுக்குப் பக்கத்துல எத்தனை செருப்பு இருக்கு?

— மூணு.

— நாலு இல்ல?

— மூணுதான். ஏன் அண்ணி?

— நல்லாப் பாரு. சர்ச்சுக்குன்னு கவுத்து வெச்ச பானைக்குப் பின்னால.

— பானைக்குப் பின்னால வெறுந்தரைதான்.

— சரி விடு. அந்த மூலை விழாம ஃபோட்டோ எடு.

— என்னது?

— கொஞ்சம் இந்தப் பக்கம் சாச்சு எடுடா. பாதி மறைஞ்சுதானே கெடக்குன்னு சொன்னே?

— பேசறது எங்க கேப்டன் அண்ணியா? மூணு வாரமா வீடு வீடா ஏறி எறங்கினது இந்த ஊத்துக்காகத்தானே! இன்னிக்கு ஒருத்தனை விட்டா நாளைக்கு ஒம்போது பேரு வருவான்னு நீங்கதானே சொன்னீங்க? அதோ... ஜீப்பு! பாலத்துல ஜீப்பு வருது! சீக்கிரம் புரட்டுங்க அண்ணி. நீங்க ஊர் கேப்டன், நீங்க தொடலாம்!

— தொடலாம்டா. நான் தொடலாம்.

— என்ன பேரு?

— இரு, தழையை விலக்கறேன்.

— அண்ணி? சனங்க பள்ளிக்கூடத்துலருந்து கெளம்பிட்டாங்க. என்ன பேரு எழுதியிருக்கு?

— கையெழுத்து உங்கண்ணனோடது.

— அண்ணன் பேரா!

— பேரு என்னுது. காலையில எனக்கு வேலை தலைக்கு மேல இருந்துச்சு. நம்மளதையும் நீங்களே வெச்சிடுங்கன்னு அவர் கையில குடுத்தேன்.

— அண்ணன் ஏன் அங்க கொண்டுபோயி... உங்க வீடு சர்ச்சுப் பக்கமில்ல இருக்கு?

— இருக்கற வீடு அங்க. கட்டப்போற வீடு இங்க. போன வருஷமே ரெண்டு பேரும் போயி இடம் பாத்துட்டு வந்தோம். இந்தக் கூட்டமெல்லாம் முடியட்டும், முத்திரை விழட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு வீட்ல சொல்லி வெச்சிருந்தேன். மனுஷன் நான் வீட்ல சொன்னதை மறந்துட்டு, மைக்ல 'கட்டப்போற இடத்துல வைங்க'ன்னு சொன்னதைக் கேட்டிருக்காரு. எறங்கு தெம்யோங்.

— எடுத்துடுங்க அண்ணி. இன்னும் யாரும் உள்ள வரல. சத்தியமா நான் வாயைத் தொறக்கமாட்டேன்.

— எடுக்கத்தான் போறேன். ஊரு வந்து உக்காரட்டும், அந்த ஆபீஸ் அம்மாவும் வரட்டும். நீ வந்து மைக்கைப் புடி. காலையில உன்னை ஒரு கேள்வி கேட்டேனே, அதை அப்படியே என்னைக் கேளு. சத்தமா கேக்கணும்டா, உன் பொண்டாட்டி சிரிக்கணும்.