துப்புவதற்கு ஒரு வாளி

சுவிஸின் பாசல் நகர டிராமில் எனக்கு முன்னால் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு வந்தார்கள். இளையவர் சொன்னார்:

"இத்தாலியில நான் போன ஒரு வைன் தோட்டத்தில, துப்புறதுக்கெண்டே ஒரு வாளி வைச்சிருக்கினம், அண்ணை."

"குடிக்கிறேல்லையோ?"

"ருசி பாக்கிறதுதான். வேலையிடத்து ஆக்களோட போனனான். தோட்டக்காரத் தகப்பனும் மகளும் நாலு சிவப்பு வைன் ஊத்தித் தந்தவை. நாலையும் துப்பிப்போட்டன்."

"உன்ர செத்த தம்பியை நினைச்சோ?"

"ஓம். குடிதானே அவனைக் கொண்டுபோனது. 'அதில என்னடா இருக்கு' எண்டு ஏசினதைத் தவிர, கடைசி வருசங்களில அவனோட நான் ஒண்டும் கதைக்கேல்லை."

மூத்தவர் மெதுவாகக் கேட்டார்.

"வைன் எப்பிடி இருந்தது?"

"நல்லா இருந்தது அண்ணை. சரியான ருசி. அதில என்ன இருக்கெண்டு அவனிட்டை ஒருநாளும் வடிவாக் கேக்கேல்லையே எண்டு நினைச்சன். என்ர கண் கலங்கினதைக் கண்டு, பிடிக்கேல்லையோ எண்டு அந்த மகள் கேட்டவ. கண்ணைத் துடைச்சுக்கொண்டு வெளியில வந்திட்டன்."