கை வைக்காமல் எண்ணியது

கற்பிட்டி பஸ்ஸில் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். உடம்பும் மூளையும் எப்படிக் கதைத்துக்கொள்கின்றன என்று ஆராயும் டாக்டர் ஒருவரிடம், மனைவியின் நெஞ்சுப் படபடப்பைக் காட்டிவிட்டு வருகிறார்கள்.

"கைய வெக்காம, கண்ண மூடிட்டு, நெஞ்சு அடிக்கிறத எண்ணச் சொன்னாங்க."

எனக்கும் அந்தப் படபடப்பு உண்டு. காதைக் கொடுத்தேன்.

"இதுக்கா புள்ள நான் தொழிலுக்குப் போகாம வந்த? நெஞ்சில வருத்தமே இல்லையாமே!"

"ஓம், நெஞ்சு நல்லமாம். மூளைக்குத்தான் அது பெரிய சத்தமாக் கேக்குதாம்."

"அப்ப மூளையக் காதப் பொத்திக்கச் சொல்லு. எல்லாம் உன்ட நடிப்பு."

"நடிப்பில்ல. மெசினும் பாத்திச்சு. எழுவதுதான் அடிச்சிச்சு. நீங்க கதவத் தொறந்து, இன்னும் முடியல்லையா எண்டு கத்தினதும் நூத்திப்பத்து."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலாவி தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இப்ப எத்தன?"

"சத்தம் போடாதீங்க. எண்ணிட்டிருக்கன்."